வார்டில் யாரை முதலில் பார்ப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் உள்நோயாளிகள் வார்டில் வேலை பார்க்கிறேன். பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவிகள், புதிதாக டியூட்டியில் சேர்ந்தவர்கள், நோயாளிக்குத் துணையாகக் கட்டிலடியில் உட்கார்ந்திருக்கும் வீட்டார் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை அவரவர் பேச்சிலேயே எழுதியிருக்கிறேன். மருந்தும் அளவும் டாக்டர் எழுதியபடி, உங்கள் மருத்துவமனை வழக்கப்படி. இங்கே பேசுவது நோயாளியைக் கவனித்துப் பார்ப்பது, யார் தேவை முதலில் என்று முடிவெடுப்பது, அந்த முடிவில் மலையும் தூரமும் எப்படிச் சேர்ந்துகொள்கின்றன என்பது பற்றி மட்டும்.

அசெஸ்மென்ட்னா வைட்டல்ஸ் எடுக்கிறதுதானே சிஸ்டர்?

வைட்டல்ஸ், அதாவது நாடி, பி.பி., மூச்சு, காய்ச்சல் எண்கள், அதில் ஒரு பகுதி. பி.பி. மெஷினைத் தள்ளிக்கொண்டு கட்டிலை நோக்கி நடக்கும்போதே பாதி தெரிந்துவிடும். ஆள் நிம்மதியாகச் சாய்ந்திருக்கிறாரா, படுக்க முடியாமல் முன்னால் குனிந்து கையை ஊன்றியிருக்கிறாரா? பேச்சு முழுதாக வருகிறதா, இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்குகிறதா? ஊட்டிக் குளிரில் ஒருவருக்கு நெற்றி வியர்த்திருந்தால் காரணம் தேடியே ஆக வேண்டும். சர்க்கரை இறங்கியிருக்கலாம், மாரடைப்பாக இருக்கலாம். தோட்டத்தில் மருந்து அடித்துவிட்டு வந்தவராக இருந்தால் பூச்சிமருந்து உடம்பில் ஏறியிருக்கலாம். அப்படியானால் கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கி, வாயில் எச்சில் வழியும்.

மலை வார்டுகளுக்கு என்றே ஒன்று சொல்கிறேன்: கம்பளியைத் தூக்கிப் பாருங்கள். குளிருக்கு இரண்டு மூன்று கம்பளி போர்த்திக் கழுத்து வரை மூடியிருப்பார்கள். முகத்தைப் பார்த்து 'நல்லா தூங்குறாங்க' என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். பிரசவமான பெண்ணுக்கு உதிரப்போக்கு, ஆபரேஷன் புண்ணின் கட்டுத்துணியில் ரத்தக் கசிவு, மடங்கிப்போன டியூப், குதிகாலில் சிவப்பு என்று முக்கியமானதெல்லாம் கம்பளிக்கு அடியில் இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் 500 மி.லி. ரத்தம் போனாலே ஆபத்து என்று படித்திருக்கிறோம். தடித்த துணிகளும் மெத்தையும் அதைச் சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொள்ளும்.

அதன்பிறகுதான் கேட்பது, தொட்டுப் பார்ப்பது, நேற்றைய சார்ட்டோடு ஒப்பிடுவது. இவற்றில் ஒப்பிடுவதை விட்டால் மற்றவற்றுக்கு மதிப்பில்லை.

ஓவர் எடுத்ததும் ஒண்ணாம் பெட்ல இருந்து வரிசையா போனா போதாதா?

போதாது. ஓவர், அதாவது முந்தைய ஷிப்ட் நர்ஸ் நோயாளிகளை ஒப்படைத்துச் சொல்லும் விவரம், கேட்கும்போதே மனதில் வரிசை மாற வேண்டும். இன்று புதிதாக வந்தவர், இன்று ஆபரேஷன் ஆனவர், ரத்தம் ஏறிக்கொண்டிருப்பவர், ஆக்சிஜனில் இருப்பவர், முந்தைய ஷிப்டில் 'கொஞ்சம் சரியில்ல, பாத்துக்கோங்க' என்று சொல்லப்பட்டவர் ஆகியோர் முதலில். அந்தக் கடைசி வகையை நான் மிக மதிக்கிறேன். அனுபவமுள்ள நர்ஸ் காரணம் சொல்லத் தெரியாமல் 'சரியில்ல' என்றால், எண்கள் மாறுவதற்கு முன்பே எதையோ பார்த்திருக்கிறார்.

முதல் சுற்றில் யாரிடமும் அதிக நேரம் நிற்காதீர்கள். எல்லோரையும் கண்ணால் ஒரு முறை பார்த்துவிட்டால்தான் யாரிடம் நிற்க வேண்டும் என்பது தெரியும். 14-ஆம் கட்டிலில் ஆள் நீலம் பாய்ந்திருக்க, 2-ஆம் கட்டிலில் கட்டு மாற்றிக்கொண்டிருப்பது பார்க்காததால் வருவது.

ஏ, பி, சி-ன்னும் படிச்சோம், மாஸ்லோன்னும் படிச்சோம். வார்டுல எதை வெச்சு முடிவு பண்றது?

இரண்டும் வெவ்வேறு வேகத்துக்கானவை. மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், மூளையின் நிலை, துணியை விலக்கி உடம்பு முழுதும் பார்ப்பது என்ற ஏ, பி, சி வரிசை, எது சீக்கிரம் உயிரை எடுக்கும் என்ற அடிப்படையில் அமைந்தது. மூச்சுப்பாதை அடைத்தால் நிமிடங்கள்தான். ஆகவே அதை எதுவும் முந்தாது. மாஸ்லோ என்ற உளவியலாளர் 1943-இல் எழுதியது மனிதர்களை எது உந்துகிறது என்பது பற்றி. நர்சிங் பாடத்துக்கு அதை நாம் எடுத்துக்கொண்டோம். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை என்று தெரிந்தபின், அன்றைய நாளின் மீதி வேலைகளை அடுக்க அது உதவும். பயம், தனிமை, தூக்கம், மரியாதை எல்லாம் அங்கே வருகின்றன. நர்சிங் அறிஞர் வர்ஜீனியா ஹெண்டர்சன் சொன்ன 14 அடிப்படைத் தேவைகளில் மூச்சும் உண்டு, வழிபாடும் உண்டு.

இவற்றோடு நான் சேர்க்கும் கேள்வி ஒன்று: இது இவருக்குப் புதுசா, பழசா? பல வருடமாகப் புகைபிடித்து நுரையீரல் கெட்டவருக்கு சாச்சுரேஷன் (விரலில் போடும் கருவி காட்டும் ரத்த ஆக்சிஜன் சதவீதம்) எப்போதும் 90. நேற்று 97 காட்டிய இளைஞருக்கு இன்று 93. எண் குறைவு முதலாமவருக்கு. நான் போய் நிற்பது இரண்டாமவரிடம்.

எங்க அப்பாவைத்தான் முதல்ல கொண்டு வந்தோம். பின்னாடி வந்தவங்களை ஏன் முதல்ல பாக்குறீங்க?

உங்கள் கோபம் புரிகிறது. ரேஷன் கடையில் முதலில் வந்தவர் முதலில். கேஷுவாலிட்டியில் முதலில் உயிர் போய்விடக்கூடியவர் முதலில். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் வந்தவுடன் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பது இதற்காகத்தான். சிவப்பு என்றால் இப்போதே. மஞ்சள் என்றால் சீக்கிரம், இடையில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு. பச்சை என்றால் காத்திருக்கலாம்.

உங்கள் அப்பாவை மஞ்சளில் வைத்திருக்கிறோம் என்றால் மறந்துவிட்டோம் என்று பொருளில்லை. காத்திருக்கும்போது மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, வலி இடம் மாறினாலோ, மயக்கமாகத் தெரிந்தாலோ உடனே வந்து சொல்லுங்கள். நிறம் அந்த நொடியில் மாறும். நர்சுகளுக்கும் இதே இடத்தில் ஒரு வார்த்தை: 'உக்காருங்க' என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். ஏன் காத்திருக்கிறார்கள், அடுத்து யார் எப்போது வந்து பார்ப்பார்கள் என்பதைச் சொல்லுங்கள். கூடலூர்ப் பக்கத்திலிருந்தும் கோத்தகிரி ஹட்டிகளிலிருந்தும் (படுகர் ஊர்கள்) ஜீப் பிடித்து வந்து நிற்பவர்களுக்கு அந்தத் தகவலும் சிகிச்சைதான்.

மூச்சை நிஜமாவே ஒரு நிமிஷம் எண்ணணுமா? சார்ட்ல எல்லாருக்கும் 20-ன்னுதானே இருக்கு?

எண்ண வேண்டும். சார்ட்டில் எல்லோருக்கும் 20 இருப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். உடம்பு மோசமாகத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது மூச்சின் எண்ணிக்கை. நாடி, பி.பி., சாச்சுரேஷன் எல்லாவற்றையும் உடம்பு கொஞ்ச நேரம் தாங்கிப் பிடித்துக்கொள்ளும், வேகமாக மூச்சுவிட்டுத்தான் தாங்கிப் பிடிக்கிறது. மெஷின் தராத ஒரே எண்ணும் இதுதான், அதனால்தான் விட்டுப்போகிறது.

பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை சாதாரணம். 25-ஐத் தொட்டால் மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். நாடி பிடிப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பார்த்து எண்ணுங்கள். எண்ணுவது தெரிந்தால் மூச்சு மாறிவிடும். கம்பளி மேல் இருந்தால் எண்ண முடியாது. கையை நெஞ்சின்மேல் மெதுவாக வைத்து எண்ணலாம்.

ஊட்டியில சாச்சுரேஷன் 93 காட்டினா அது நார்மல்தானே? உயரம்தானே காரணம்?

பாதி உண்மை. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், மெக்சிகோ நகரத்தின் உயரம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், கூடலூர் ஏறக்குறைய 1,000. காற்றில் ஆக்சிஜன் பங்கு எங்கேயும் 21 சதவீதம்தான், ஆனால் ஊட்டியில் காற்றழுத்தம் கீழே இருப்பதில் முக்கால் பங்கு. ஆகவே நலமாக இருப்பவருக்கே இங்கே 94, 95 என்று காட்டுவது உண்டு. சமவெளியிலிருந்து நேற்று ஏறி வந்தவருக்கு இன்னும் ஒன்றிரண்டு குறையலாம்.

ஆனால் உயரத்தைக் காரணம் காட்டி 93-ஐ அப்படியே எழுதிவிட்டுப் போகக் கூடாது. மூன்றைப் பாருங்கள். விரல் சூடாக இருக்கிறதா? சில்லென்ற விரலில் கருவி தடுமாறும். உங்கள் உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கி மறுபடி போடுங்கள், இல்லையென்றால் காதுமடலுக்கான கருவி. நகப்பூச்சு இருந்தால் துடையுங்கள். கருவி காட்டும் நாடியும் நீங்கள் தொட்டு எண்ணும் நாடியும் ஒன்றா? ஒன்றாக இல்லையென்றால் அந்தச் சாச்சுரேஷனை நம்ப வேண்டாம். கடைசியாக, மூச்சின் எண்ணிக்கை என்ன, இவருக்கு வழக்கமாக எவ்வளவு? மூச்சு 16, வார்டில் நடந்து போகிறார், வழக்கமாகவே 93 என்றால் அது உயரம். மூச்சு 26, நேற்று 96 என்றால் அது நோய்.

கருமையான தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும் என்பதும் ஆராய்ச்சிகளில் வந்திருக்கிறது. நம் ஊரில் இதை மறக்கக் கூடாது.

சாச்சுரேஷன் 98 காட்டுது. அப்புறமும் எதுக்கு ஆக்சிஜன் மாஸ்க் போடச் சொல்றீங்க?

குளிர்காலத்தில் இந்தக் கேள்வி வரும். கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்த அறைக்குள் கரி அடுப்பையோ தணலையோ வைத்துத் தூங்கியவர்களை விடியற்காலையில் தூக்கி வருவார்கள். சுற்றுலா வந்தவர்களும் இருப்பார்கள், எஸ்டேட் லைன் வீட்டுக்காரர்களும் இருப்பார்கள். தலைவலி, வாந்தி, தடுமாற்றம், மயக்கம். கார்பன் மோனாக்சைடு ரத்தச் சிவப்பணுவில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. விரலில் போடும் கருவிக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆகவே 98, 99 என்று காட்டும். உள்ளே உறுப்புகளுக்கு ஆக்சிஜன் போயிருக்காது.

இங்கே கருவியைவிடக் கேள்விதான் உயிர் காக்கும். 'ரூம்ல என்ன எரிஞ்சுது? கூடப் படுத்தவங்களுக்கும் தலைவலியா?' என்று கேளுங்கள். ஒரே அறையில் இரண்டு பேருக்கு ஒரே மாதிரி என்றால் 'சாப்பாடு ஒத்துக்கல' என்று ஒதுக்காதீர்கள். சாதாரணக் காற்றில் இந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறைய 4 முதல் 6 மணி நேரம் ஆகும். பை வைத்த மாஸ்க்கில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் குறையும். அதனால்தான் 98 இருந்தாலும் மாஸ்க். கர்ப்பிணி என்றால் தாய் நன்றாகத் தெரிந்தாலும் முதல் வரிசை; வயிற்றில் இருக்கும் குழந்தைக்குப் பாதிப்பு அதிகம்.

நியூஸ் ஸ்கோர் கம்மியா இருக்கு. அப்ப விட்டுடலாமா?

தெரியாதவர்களுக்கு: நியூஸ்-2 என்பது பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய மதிப்பெண் முறை. மூச்சின் எண்ணிக்கை, சாச்சுரேஷன், ஆக்சிஜன் போகிறதா, மேல் பி.பி., நாடி, நினைவு, காய்ச்சல் ஆகிய ஏழுக்கும் மதிப்பெண். மொத்தம் 5 வந்தால் அவசரமாக டாக்டர் பார்க்க வேண்டும், 7 என்றால் உடனடி. ஏதாவது ஒன்றில் மட்டும் 3 வந்தாலும் சொல்லியாக வேண்டும்.

கூடுதல் ஸ்கோரை நம்புங்கள், குறைந்த ஸ்கோரைச் சந்தேகியுங்கள். வழக்கமாக மேல் பி.பி. 170 இருக்கும் பெரியவருக்கு 112 வந்தால் ஸ்கோர் பூஜ்யம். ஆனால் அவருக்கு அது பெரிய இறக்கம். இதயத்துக்குச் சில மாத்திரைகள் சாப்பிடுபவருக்கு ரத்தம் போனாலும் நாடி ஏறாது. சிறுநீரின் அளவு, சர்க்கரை, வலி இந்த ஏழில் இல்லை. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மி.லி. சிறுநீராவது வர வேண்டும். பை நான்கு மணி நேரமாக அப்படியே இருந்தால் ஸ்கோரைப் பார்த்து நிம்மதியாகாதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் இந்த ஸ்கோர் பொருந்தாது. முன்பு சொன்ன உயரக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: உடம்புச் சூடு 35-ஐத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோ அதற்கு 3 மதிப்பெண். 'குளிரு, அதான்' என்று நாம் தள்ளிவிடுகிறோம். வயதானவருக்குக் கிருமித் தொற்று முற்றும்போது காய்ச்சல் ஏறாமல் சூடு இறங்கவும் செய்யும்.

கத்துறவங்களை முதல்ல பாக்குறதா, சத்தமே இல்லாம இருக்கிறவங்களையா?

கத்துபவருக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, நினைவு இருக்கிறது. சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று அடங்கினால் ஓடுங்கள். இது பாடம்.

நீலகிரிக்கு இதில் ஒரு கூடுதல் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகளாக அடையாளம் காணப்பட்ட தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களும் இந்த மாவட்டத்தில் வாழ்கின்றன. கூடலூர், பந்தலூர் பக்கத்திலிருந்து வரும் பழங்குடி நோயாளிகள் பலர் மணியடித்துக் கூப்பிட மாட்டார்கள், தண்ணீர்கூடக் கேட்க மாட்டார்கள். தோட்டத் தொழிலாளிப் பாட்டிகளும் அப்படித்தான்: 'எப்படி இருக்கு?' என்றால் 'பரவால்ல தாயி' என்பார்கள், முகம் சுருங்கியிருக்கும். எவர் கேட்பதில்லையோ அவரிடம் நீங்களாகப் போய் நிற்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இது கருணை என்பதால் மட்டும் சொல்லவில்லை. அசெஸ்மென்ட் என்பதன் அர்த்தமே அதுதான்.

கேள்வியையும் மாற்றுங்கள். 'நேத்து பாத்ரூம் வரைக்கும் நடந்தீங்களே, இன்னிக்கு நடந்தீங்களா?', 'ராத்திரி எத்தனை தலகாணி வெச்சுப் படுத்தீங்க?', 'இட்லி எத்தனை சாப்பிட்டீங்க?' இவற்றுக்குப் 'பரவாயில்லை' என்று பதில் சொல்ல முடியாது.

படுகரும் மலையாளமும் பணியர் பேச்சும் எனக்குத் தெரியாது. எப்படிக் கேக்குறது?

வார்டில் யாருக்காவது தெரியும்: துப்புரவுப் பணியாளர், பக்கத்துக் கட்டில்காரர், ஆஷா பணியாளர். ஆனால் அந்தரங்கமான கேள்வியைப் பக்கத்துக் கட்டில்காரர் வழியாகக் கேட்காதீர்கள். குழந்தையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். வலி, மூச்சு, தண்ணீர், சிறுநீர், மயக்கம் ஆகிய சொற்களைத் தெரிந்தவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வலிக்கு முகப்படங்கள் போட்ட அளவுகோல் போதும்.

சிக்கில் செல் பேஷன்ட் வலி 9-ன்னு சொல்றார், ஆனா போன் பாத்துட்டு சிரிக்கிறார். நம்பலாமா?

நம்ப வேண்டும். சிக்கில் செல் என்ற பரம்பரை ரத்த நோய் இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது நீலகிரிப் பழங்குடி மக்களிடம், 1952-இல். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த மாவட்டத்திலேயே அவர்கள் வலியை நிரூபிக்க வேண்டியிருந்தால் அது நம் குறை. சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து சிறு ரத்தக் குழாய்களை அடைக்கும்போது வருவது எலும்புக்குள் இருக்கும் வலி. சின்ன வயதிலிருந்தே அதோடு வாழ்ந்தவர், வலியோடு போன் பார்க்கவும் பேசவும் பழகியிருப்பார். நாடியும் பி.பி.யும் ஏறவில்லை என்பதும் வலி இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. அவர் சொல்லும் எண்தான் அளவு.

அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல், வந்த 1 மணி நேரத்துக்குள் வலி மருந்து கொடுத்து, 30 முதல் 60 நிமிடத்துக்கு ஒரு முறை திரும்பப் பார்க்கச் சொல்கிறது. நாம் செய்யக்கூடியது: கதகதப்பாக வைப்பது, தண்ணீர்ச் சத்து குறையாமல் பார்ப்பது, டாக்டர் எழுதிய மருந்தை நேரம் தவறாமல் கொடுப்பது. ஐஸ் ஒத்தடம் கூடவே கூடாது. குளிரே வலியைத் தூண்டும்.

இவர் எப்போது முதல் வரிசைக்கு வருவார்? காய்ச்சல், நெஞ்சுவலி, இருமல், சாச்சுரேஷன் இறக்கம் என்றால் நுரையீரல் பாதிப்பு. குழந்தை திடீரென்று வெளுத்து வயிறு இடப்பக்கம் வீங்கினால் மண்ணீரலில் ரத்தம் தேங்குகிறது. கை கால் ஒரு பக்கம் தளர்ந்தால் பக்கவாதம். இவற்றில் எதற்கும் காத்திருக்க நேரமில்லை.

நாலு பேருக்கும் ஒரே நேரத்துல தேவை. நைட்ல நான் ஒருத்திதான். என்ன பண்ண?

ஒரு நிலைமையை வைத்துப் பார்ப்போம். இரவு 9:30. குடலிறக்க ஆபரேஷன் ஆனவர் வலி 8 என்று அழுகிறார். இன்னொருவரின் ட்ரிப்ஸ் முடிந்து குழாயில் ரத்தம் ஏறுகிறது, மகன் மூன்றாம் முறை வந்து நிற்கிறார். நாள்பட்ட நுரையீரல் நோயுள்ள 70 வயதுப் பெரியவர் 'தூக்கம் வரல, உக்கார வைங்க' என்கிறார், மூச்சு 28. சர்க்கரை நோயாளி ஒருவர் 7 மணிக்கு இன்சுலின் போட்டுக்கொண்டார், சாப்பாடு அப்படியே இருக்கிறது, வியர்த்து ஏதோ முணுமுணுக்கிறார்.

சத்தமாகக் கேட்பது முதல் இருவர். ஆபத்தில் இருப்பது பின் இருவர். முதலில் பெரியவரை நிமிர்த்தி உட்கார வைத்து, எழுதியுள்ளபடி ஆக்சிஜனைச் சரிபாருங்கள். இப்படிப்பட்டவர்களுக்கு டாக்டர் சாச்சுரேஷன் 88 முதல் 92 வரை இலக்கு வைப்பார், அதற்கு மேல் தள்ளக் கூடாது. இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த நிமிடத்திலேயே குரல் கொடுத்து ஆள் கூப்பிடுங்கள், பக்கத்து வார்டு நர்சானாலும் சரி. உடனே சர்க்கரை நோயாளியின் விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே, விழுங்க முடிகிறது என்றால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடத்தில் மறுபடி டெஸ்ட். மயக்கமாக இருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, நரம்பு வழி டெக்ஸ்ட்ரோஸ்தான். ட்ரிப்ஸ் இருக்கும் கட்டிலைக் கடக்கும்போது கிளாம்பை மூடிவிட்டுப் போங்கள். வலியில் இருப்பவரிடம் 'ஒருத்தருக்கு மூச்சு சரியில்ல அண்ணா, பாத்துட்டு உங்க ஊசியோட வரேன்' என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொன்னபடி போக வேண்டும். அவருடைய வலி மூன்றாவது என்றால், இல்லாதது என்றாகாது.

பிறகு பெரியவரிடம் திரும்புங்கள். மூச்சு இன்னும் 28 என்றால் டாக்டருக்கு போன். வரிசை என்பது ஒரு முறை போட்டு முடிக்கும் பட்டியல் கிடையாது, ஒவ்வொரு கட்டிலை விட்டு நகரும்போதும் மறுபடி போடுவது.

டாக்டருக்கு ராத்திரி போன் பண்ணவே பயமா இருக்கு. திட்டுவாரோன்னு.

பயம் போக வழி, பேச வேண்டியதை நான்கு துண்டாக எழுதி வைத்துக்கொண்டு பேசுவது: இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் பார்த்தது என்ன, எனக்கு என்ன வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தொடங்கி மருத்துவமனைகளுக்கு வந்த முறை இது. மேலே சொன்ன பெரியவருக்கு இப்படி இருக்கும்: 'சார், மேல் வார்டு 6-ஆம் பெட். மூச்சு 28, அரை மணி நேரமா குறையல. நாள்பட்ட நுரையீரல் நோய், நேத்து அட்மிஷன். சாச்சுரேஷன் 2 லிட்டர்ல 86, நேத்து 90. ரெண்டு பக்கமும் வீசிங் கேக்குது, பேச்சு துண்டு துண்டா வருது. நீங்க வந்து பாக்கணும் சார். அதுவரைக்கும் நெபுலைஸ் பண்ணவா?' கடைசி இரண்டு வாக்கியங்களைத்தான் புதியவர்கள் விழுங்கிவிடுகிறார்கள்.

போன் செய்த நேரத்தையும் பதிலையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். பதில் வரவில்லை என்றால் அடுத்த மேல் டாக்டர். அதுவும் நம் பொறுப்புதான்.

கீழே ரெஃபர் பண்ண வேண்டி வரும்னு எப்ப சொல்லணும்?

சமவெளியில் சொல்வதைவிட முன்னதாக. இதுதான் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது. ஊட்டியில் 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்தபிறகு பலருக்கு மலை இறங்க வேண்டிய தேவை குறைந்திருக்கிறது. ஆனாலும் சில நோய்களுக்குக் கோயம்புத்தூர்தான், சிலருக்கு ஊட்டி வருவதே ஒரு பயணம். ஊட்டியிலிருந்து கோவை ஏறக்குறைய 85 கி.மீ., இடையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். சீசன் நெரிசல், மழையில் மண்சரிவு, பர்லியாறு மூடுபனி எல்லாம் நோயாளியின் நேரத்தைத்தான் தின்கின்றன. ஆகவே 'இப்போது எப்படி இருக்கிறார்' என்பதோடு, 'மூன்று மணி நேரம் கழித்து, பாதி மலையில் எப்படி இருப்பார்' என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் பயமாக இருந்தால் இப்போதே டாக்டரிடம் சொல்லுங்கள்.

பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு 4.5 மணி நேர வரம்பு. அந்தக் கணக்கு கண்டுபிடித்த நேரத்திலிருந்து தொடங்காது; ஆள் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்கும். 'காலைல 6 மணிக்குப் பாத்தோம்' என்பவர்களிடம் 'ராத்திரி எத்தனை மணிக்குக் கடைசியா நல்லாப் பேசினார்?' என்று கேட்டு அதை எழுதுங்கள்.

அனுப்பும் முன் ஆக்சிஜன் கணக்கு. ஆம்புலன்சில் வைக்கும் பி வகை சிலிண்டர் நிறைந்திருந்தால் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் 150 நிமிடம். வழியில் ஒரு லாரி நின்றால் போதும், தீர்ந்துவிடும். இரண்டாவது சிலிண்டர் ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு அனுப்புங்கள். வளைவில் நரம்பூசி நழுவிவிடாமல் நன்றாக ஒட்டுங்கள். மோசமான கேஸ் என்றால் இரண்டு ஊசிவழி.

குளிப்பாட்டுறது, புரட்டிப் போடுறது எல்லாம் கடைசி வேலைதானே?

அந்த மணி நேரத்துக்குக் கடைசி. அன்றைய நாளுக்குக் கடைசி என்று விட்டால் நாளை அதுவே முதல் வேலையாக வந்து நிற்கும். அசையாமல் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டுவது வழக்கம். படுக்கைப்புண் அபாயத்தை அளக்கும் பிரேடன் அளவுகோலில் 18-ம் அதற்குக் கீழும் வந்தால் புண் வரும் அபாயம் உண்டு. குளிப்பாட்டும்போதுதான் முதுகு, இடுப்பு, குதிகால் எல்லாம் கண்ணில் படும். என் கணிப்பில் ஒரு நாளின் மிக நல்ல அசெஸ்மென்ட் அந்தக் கால் மணி நேரம்.

இதோடு ஒன்று: குளிருக்கு வீட்டார் வெந்நீர்ப் பையைப் பாதத்தில் வைப்பார்கள். சர்க்கரையால் உணர்ச்சி மரத்தவர், பக்கவாதம் வந்தவர், முதுகில் மயக்க ஊசி போட்டவர் ஆகியோருக்குச் சுடுவது தெரியாது. வைக்க விடாதீர்கள், சாக்ஸும் கம்பளியும் போதும்.

பேஷன்ட் வீட்டுக்குப் போறேன்னு அடம் பிடிக்கிறாங்க. யார் சொல்றது முக்கியம், அவங்களா நாமளா?

ஏன் போக வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் பதில். மாடு கறக்க ஆளில்லை, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை தனியாக வரும், பச்சைத்தேயிலை பறிக்கவில்லை என்றால் கூலி இல்லை. இவை அவருடைய முதல் தேவைகள். அதில் ஒன்றைத் தீர்த்தால் சிகிச்சைக்குச் சம்மதம் வரும். பக்கத்து வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கொடுத்ததில் பி.பி.யே இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் கேட்டு, ஆபத்தை அவர் மொழியில் விளக்கிய பிறகும் போவேன் என்றால் அது அவர் உரிமை. கையெழுத்து வாங்குவதோடு நிற்காமல், எந்த அறிகுறி வந்தால் திரும்ப வர வேண்டும் என்று சொல்லி, மருந்தைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

டிஸ்சார்ஜுக்கும் வரிசை உண்டு. கடைசி பஸ் ஐந்து மணிக்கு, அதன்பின் யானையோ காட்டுமாடோ நிற்கும் பாதையில் நடக்க வேண்டும் என்றால், அவருடைய சீட்டைக் காலையிலேயே முடித்துக் கொடுங்கள். பக்கத்துத் தெருக்காரர் மாலையில் போகலாம்.

நாங்க பக்கத்துலயே இருக்கோம். எதைப் பாத்தா சிஸ்டரைக் கூப்பிடணும்?

மூச்சு வேகமானால், நெஞ்சு அடைத்தால், உதடு நீலமானால். பேச்சு குழறினால், ஆள் அடையாளம் மாறிச் சொன்னால், எழுப்பியும் சரியாக எழவில்லை என்றால். திடீரென்று வியர்த்தால். கட்டு நனைந்தால், பிரசவமானவருக்குத் துணி ஒரு மணி நேரத்துக்குள் நனைந்தால். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால். ரத்தம் ஏறும்போது குளிர் நடுக்கமோ அரிப்போ வந்தால். 'எப்பவும் இப்படி இருக்க மாட்டார்' என்று உங்கள் மனதில் பட்டால், அதற்கும் வரலாம். அவரைப் பல வருடம் பார்த்தவர்கள் நீங்கள்தான்.

அரைமயக்கத்தில் இருப்பவருக்குக் காபி, கஞ்சி ஊட்டாதீர்கள். ஆக்சிஜன் குமிழை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கூப்பிடும்போது கட்டில் எண்ணையும் நீங்கள் பார்த்ததையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்: '9-ஆம் பெட், அம்மாவுக்கு மூச்சு வாங்குது.' நாங்கள் எழுந்து வர அது போதும்.